பக்கத்து சீட்டில் ஆள் ஏறினால் ஸ்போர்ட்ஸ் கார் எவ்வளவு மந்தமாகும்?

தம்பி கேட்டது இதுதான். வெள்ளவத்தையில் இருக்கிறார், ஜப்பானில் இருந்து வந்த மாஸ்டா ரோட்ஸ்டர் வைத்திருக்கிறார், 1.5 லீற்றர் எஞ்சின், மெனுவல் கியர். தனியாக ஓட்டும்போது துள்ளிக்கொண்டு போகிற கார், 85 கிலோ மச்சான் பக்கத்தில் ஏறிவிட்டால் சோம்பிப் போகிறதாம். போன கிழமை ஒரு நாள் மத்தியானம் இருவருமாகப் போனபோது 100ஐப் பிடிக்க வழக்கத்தைவிட ஒரு செக்கனுக்கு மேல் எடுத்ததாகவே தோன்றியதாம். ஒரு ஆளின் பாரம் உண்மையிலேயே அவ்வளவு செய்யுமா, 95 ஒக்டேன் அடித்தால் அதை ஈடுகட்டலாமா என்பதுதான் கேள்வி.

பாரம் செய்யும். ஆனால் ஒரு செக்கன் செய்யாது, அரைச் செக்கன் செய்யும். மிச்ச அரைச் செக்கனும் பொய்யில்லை, அதற்கு மச்சான் பொறுப்பில்லை, அவ்வளவுதான். யார் பொறுப்பு என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்கவேண்டும்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு விசை, திணிவு, ஆர்முடுகல் (வேகம் கூடுகிற வீதம்) எல்லாம் மறந்திருக்காது: விசை மாறாமல் திணிவு கூடினால் ஆர்முடுகல் அதே விகிதத்தில் குறையும். தம்பி, உங்கள் கார் சுமார் 1,020 கிலோ. நீங்கள் 70 கிலோ என்று வைத்தால் ஓடுகிற மொத்தம் 1,090. அதில் 85 கிலோ ஏறினால் 7.8 வீதம் கூடுகிறது. இந்த எஞ்சினோடு ஐரோப்பாவில் விற்ற காருக்கு 0 இலிருந்து 100 கிலோமீற்றர் வேகத்துக்கு 8.3 செக்கன் என்று மாஸ்டா சொன்னது. அதன் 7.8 வீதம் 0.65 செக்கன். சக்தியை வைத்துப் பார்த்தாலும் இதே விடைதான் வரும்: 85 கிலோவை நின்ற இடத்தில் இருந்து 100 கிலோமீற்றர் வேகத்துக்குக் கொண்டுபோக சுமார் 33 கிலோயூல் வேண்டும், அந்த 8.3 செக்கனில் கார் தன் இயக்கத்துக்குச் சேர்க்கிற வலுவின் சராசரி 51 கிலோவாற். வகுத்துப் பாருங்கள், அதே 0.65.

ஆனால் இது உச்ச அளவு. உண்மையில் இதைவிடக் குறைவாகவே இழப்பீர்கள். ஏன் என்றால் அந்த 8.3 செக்கன் முழுக்க எஞ்சின் காரைத் தள்ளிக்கொண்டிருப்பதில்லை. கிளட்சை மிதித்து கியர் மாற்றுகிற நேரத்தில் கார் சும்மா மிதந்து போகிறது, அந்த நேரம் மச்சான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அடுத்தது, எஞ்சின் தள்ளுவது காரை மட்டும் இல்லை. கிராங்க், ஃப்ளைவீல், கியர்கள், சில்லுகள் எல்லாவற்றையும் சுழற்றி வேகம் ஏற்றவேண்டும். முதல் கியரில் எஞ்சின் காரைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழன்று ஏறுவதால் இந்தச் சுழலும் பாகங்களின் சடத்துவம் (வேகம் மாற மறுக்கிற குணம்), கார் இன்னும் முந்நூறு கிலோ கூடியது போன்ற விளைவைத் தரும். அந்தக் கணக்கில் 85 கிலோ என்பது சுமார் 6 வீதமாக இறங்கிவிடுகிறது. மூன்றாம் நான்காம் கியருக்குப் போகப் போக இந்த மறைமுகப் பாரம் சுருங்கிவிடும், அங்கேதான் பயணி தன் முழு நிறையோடு உட்கார்ந்திருப்பார். ஆகவே அரைச் செக்கன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் கால் மைல் ட்ராக் ஓட்டுகிறவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு, 100 இறாத்தல் கூடினால் பத்தில் ஒரு செக்கன் போகும் என்று. 100 இறாத்தல் என்றால் 45 கிலோ. அது ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட, பெரிய எஞ்சின் போட்ட கார்களை வைத்துச் சொன்னது, நம் கைக்குள் அடங்குகிற ரோட்ஸ்டருக்கு அப்படியே பொருந்தாது. கால் மைல் நேரம் பாரத்துக்கும் வலுவுக்கும் உள்ள விகிதத்தின் கனமூலத்தோடு போகிறது என்பது இன்னும் நல்ல கணக்கு. அப்படிப் பார்த்தால் 7.8 வீதப் பாரம் கால் மைல் நேரத்தில் 2.5 வீதம்தான், 16 செக்கன் எடுக்கிற காருக்கு 0.4 செக்கன்.

இதுவரை சொன்னது எல்லாம் எஞ்சின்தான் தடை என்று வைத்துக்கொண்டு. எனக்கு இந்த விஷயத்தில் பிடித்ததே இங்கேதான் தொடங்குகிறது. ஒரு கார் ஏன் இதைவிட வேகமாகப் பாயவில்லை என்று எந்த நொடியில் கேட்டாலும் விடை இரண்டில் ஒன்று: எஞ்சினிடம் வலு போதாது, இல்லாவிட்டால் டயருக்குப் பிடிமானம் போதாது. வலு போதாவிட்டால் பயணியின் பாரம் நேரடியாக உங்கள் நேரத்தைத் தின்னும். பிடிமானம் போதாவிட்டால் கதையே வேறு. டயரின் பிடிமானம் அதன் மேல் அழுத்துகிற நிறையைப் பொறுத்தது. பாரம் கூடினால் தள்ளவேண்டிய திணிவும் கூடும், ரோட்டைப் பிடிக்கிற விசையும் கூடும், இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். நான்கு சில்லும் இழுக்கிற, வலு தேவைக்கு மேல் இருக்கிற கார் ஒன்றில் முதல் ஐம்பது அறுபது கிலோமீற்றர் வேகம் வரைக்கும் பக்கத்தில் ஆள் இருப்பது கிட்டத்தட்டத் தெரியாது. புகாட்டி வேரோன் 1,001 குதிரைவலு, 1,888 கிலோ, 100ஐ எட்ட 2.5 செக்கன். அதில் ஒருவர் ஏறினால் அந்த 2.5 பெரிதாக அசையாது, டயர்தான் அந்த எண்ணை எழுதியது. அதற்கு மேல் 150, 200 என்று போகும்போதுதான் எஞ்சின் தடையாகி, பாரம் கணக்கில் வரும்.

இதில் இன்னொரு குறும்பு இருக்கிறது: ஆள் எங்கே உட்காருகிறார் என்பது. பின் சில்லு இழுக்கிற டொயோட்டா ஜிஆர் 86ஐ எடுங்கள், சுமார் 1,270 கிலோ, பின் சில்லுகள் மேல் பாதிக்குச் சற்றுக் குறைவான நிறைதான் இருக்கும். அதன் பின் சீட்டு பெரியவர்களுக்கு ஆனதில்லை, முழங்காலை நாடியில் முட்டுக்கொடுத்துத்தான் உட்காரவேண்டும், அது வேறு. ஆனால் எப்படியோ இரண்டு பேரைத் திணித்துவிட்டீர்கள் என்றால் அவர்களின் நிறையில் பெரும்பகுதி பின் சில்லுகளுக்குப் போகும். மழையில் பம்பலப்பிட்டிச் சந்தியில் பச்சை விழுந்ததும் பின் டயர் சுழலாமல் புறப்படுவதற்கு அது உதவியே செய்யும். நானே தாளில் போட்டுப் பார்த்ததில், பிடிமானம் தடையாக இருக்கிற வரைக்கும் 6, 7 வீதம் நன்மை வருகிறது. அதே இரண்டு பேரை முன் சில்லு இழுக்கிற சிவிக் டைப் ஆர் ஒன்றின் பின் சீட்டில் ஏற்றினால் கணக்கு அப்படியே தலைகீழ்: முன் டயர் மேல் நிறை பெரிதாகக் கூடாது, தள்ளவேண்டிய திணிவு மட்டும் கூடும், ஏற்கனவே 300க்கு மேற்பட்ட குதிரைவலுவை முன் சில்லு இரண்டும் தாங்கமுடியாமல் தாங்குகின்றன, இப்போது இன்னும் சுலபமாகச் சுழலும். டைப் ஆர் வைத்திருக்கிற நண்பர்கள் "நாலு பேர் ஏறினால் வண்டி வேறு வண்டி" என்று சொல்வது வெறும் பேச்சில்லை.

உங்கள் ரோட்ஸ்டருக்கு வருவோம். 132 குதிரைவலு, நல்ல டயர், காய்ந்த ரோடு. முதல் சில மீற்றரைத் தவிர எங்கேயும் டயர் தடையாக இல்லை, எஞ்சின்தான் தடை. அதனால்தான் உங்கள் காரில் மச்சான் அவ்வளவு தெளிவாகத் தெரிகிறார். இப்போது கொழும்பில் நிறைய ஓடுகிற மின்சாரக் கார்களில் பீவைடி சீல் நான்கு சில்லு இழுவைக் கார் 2,185 கிலோ, 100க்கு 3.8 செக்கன். அதே மச்சான் அதில் ஏறினால் 4 வீதம்கூட இல்லை, அதிலும் தொடக்கத்தில் டயர்தான் தடை. அந்தக் கார்க்காரர் "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லையே" என்று சொன்னால் அவரும் உண்மைதான் சொல்கிறார். இலேசான காருக்கு இதுதான் விலை. வளைவில் பறவை மாதிரித் திரும்பும், ஆனால் ஏறுகிற ஒவ்வொரு கிலோவையும் காட்டிக்கொடுக்கும்.

சரி, அந்த மிச்ச அரைச் செக்கன். நீங்கள் சொன்னதில் நான் பிடித்துக்கொண்ட சொல் "மத்தியானம்".

எஞ்சினின் குதிரைவலுவை அளக்கிற உலகத் தரம் காற்று 25 பாகை செல்சியஸில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறது. கொழும்பில் மத்தியானம் 31, 32. அது ரோட்டோரத்து நிழலில். காலி வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் அரை மணித்தியாலம் ஊர்ந்து வந்த காரின் பொனட்டுக்குள் எஞ்சின் இழுக்கிற காற்று 50 பாகைக்குப் பக்கத்தில் இருந்தாலும் ஆச்சரியமில்லை. சூடான காற்று ஐதானது, அதே கொள்ளளவில் ஒட்சிசன் குறைவு. காற்றை அமுக்கி உள்ளே திணிக்கிற டர்போ இல்லாத எஞ்சினுக்கு இந்த வெப்பம் மட்டுமே 5 வீத வலுவைத் தின்றுவிடும். நம் ஊர்ப் புழுக்கமும் சேரும், நீராவி இருக்கிற இடத்தில் ஒட்சிசனுக்கு இடம் இல்லை, அது இன்னும் ஓரிரு வீதம். வேகம் பிடித்து ஓடத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் புதுக் காற்று உள்ளே வந்து ஓரளவு ஆறும், ஆனால் நீங்கள் அவ்வளவு பொறுத்திருக்கமாட்டீர்கள், ரோடு வெளித்ததும் மிதித்திருப்பீர்கள். டர்போ காருக்கு இது வேறு விதமாக வரும். போன் அப்பில் பார்த்த வெளி வெப்பநிலையைவிட, டர்போ அமுக்கிய காற்றைக் குளிரவைக்கிற இண்டர்கூலர் எவ்வளவு சூடாகிக் கிடக்கிறது என்பதுதான் அங்கே முக்கியம், நெரிசலில் நின்ற இண்டர்கூலர் முதல் ஓட்டத்தில் ஏமாற்றும்.

அப்புறம் ஏசி. மத்தியானம் கொழும்பில் ரோட்ஸ்டரின் கூரையைத் திறந்துகொண்டு போகிறவரை நான் இன்னும் காணவில்லை, ஆகவே கூரை மூடி, ஏசி போட்டிருப்பீர்கள், இரண்டு பேர் என்பதால் கூட்டியும் வைத்திருப்பீர்கள். கம்ப்ரசருக்கு இரண்டு மூன்று கிலோவாற் போகும். மூன்று என்று வைத்தால் நான்கு குதிரைவலு, உங்கள் எஞ்சினில் அது 3 வீதம். முழுக்க மிதித்தால் கம்ப்ரசரை விடுவித்துவிடுகிற கார்கள் நிறைய உண்டு, முக்கால்வாசி மிதித்தால் விடுவிக்காது.

இப்போது கூட்டிப் பாருங்கள். வெப்பத்துக்கு 5, ஏசிக்கு 3, அதாவது 8 வீதம். மச்சான் 7.8. இரண்டும் சேர்ந்தால் ஒரு செக்கனுக்கு மேல் வருகிறது. உங்கள் உணர்வு சரிதான். தனியாக ஓட்டிய நாட்கள் எப்போது என்று யோசித்துப் பாருங்கள், பெரும்பாலும் இரவு ஒன்பது பத்து மணிக்குப் பிறகு, மழை பெய்து ஓய்ந்த மரைன் டிரைவில் ஏசி இல்லாமல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போனதாக இருக்கும். மச்சானோடு போனது வெயிலில். இரண்டையும் ஒப்பிட்டு எல்லாப் பழியையும் அவர் வயிற்றில் போட்டுவிட்டீர்கள்.

அளந்து பார்க்க ஆசை என்றால் 0–100 அளக்காதீர்கள். அதில் கிளட்ச் விடுகிற விதம் ஒன்றாலேயே செக்கனில் இரண்டு மூன்று தசமம் (பத்தில் ஒரு பங்கு) அங்கும் இங்கும் போகும், நீங்கள் தேடுகிற வித்தியாசமே ஐந்து தசமம்தான். மூன்றாம் கியரிலேயே வைத்து 60 இலிருந்து 100 வரை எடுங்கள். கியர் மாற்றம் இல்லை, டயர் சுழல்வதில்லை, சுழலும் பாகங்களின் சடத்துவமும் குறைவு, பாரத்தின் விளைவு சுத்தமாகத் தெரியும். ஜிபிஎஸ் பெட்டி வைத்து அளப்பது நல்லது, ஸ்பீடோமீற்றரைக் கண்ணால் பார்த்து போனில் செக்கன் எண்ணுவது வேலைக்காகாது. ரோடு சமமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் ஓடிச் சராசரி எடுக்கவேண்டும். 100 மீற்றருக்கு 1 மீற்றர் ஏற்றம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, ஆனால் உங்கள் காரின் ஆர்முடுகலில் 3 வீதத்தை அது எடுத்துவிடும், அதாவது மச்சானில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இதையெல்லாம் மரைன் டிரைவில் செய்யவேண்டாம், அங்கே பிள்ளைகளும் வயதானவர்களும் கடற்கரைக்குக் குறுக்கே போகிறார்கள். கட்டுக்குருந்தையில் ஓட்டப்பாதை இருக்கிறது, அங்கே காரை ஓடவிடுகிற நாட்களில் போய்ச் செய்யுங்கள்.

கம்பனி சொல்லுகிற எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடும்போதும் கவனம். ஜப்பான் தாள்களில் போடுகிற நிறையில் சாரதி இல்லை. ஐரோப்பியக் கணக்கில் 75 கிலோ சாரதியையும் சேர்த்துத்தான் எழுதுவார்கள். அதனால் ஒரே கார் ஒரு தாளில் பாரமாகவும் மற்றத் தாளில் இலேசாகவும் தெரியும், அதை வைத்து "ஜப்பான் மொடல் 70 கிலோ குறைவு" என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க இதழ்கள் 0–60 மைல் என்று எழுதுவது 96.6 கிலோமீற்றர் வரைக்கும்தான், அதோடு கார் முதல் ஓரடி நகர்ந்த பிறகே நேரத்தைத் தொடங்குகிற பழக்கமும் அவர்களிடம் உண்டு. அந்த ஓரடியில் இரண்டு மூன்று தசமம் இலவசமாகக் கிடைத்துவிடும். மச்சானை இறக்கி மிச்சம் பிடிப்பதில் பாதியை அவர்கள் அப்படியே பேப்பரில் எடுத்துவிடுகிறார்கள்.

பாரம் உண்மையாகக் கடிப்பது ஏற்றத்தில். 7 வீத ஏற்றத்தில் 60 கிலோமீற்றர் வேகத்தில் போக, 85 கிலோ ஆளுக்காக மட்டும் எஞ்சின் ஒரு கிலோவாற் கூடுதலாகத் தரவேண்டும், அதுவும் வேகத்தைக் கூட்டாமல் சும்மா அதே வேகத்தில் போவதற்கே. ரோட்ஸ்டருக்கு அது பெரிதில்லை. 800 சிசி அல்டோவில் நாலு பேரோடு கடுகண்ணாவ ஏறியவர்களுக்குத் தெரியும், பாதி வழியில் ஏசியை நிற்பாட்டிவிட்டு இரண்டாம் கியருக்கு வருவார்கள். அது மூடநம்பிக்கை இல்லை, கணக்கு. நுவரெலியா மஹகஸ்தொட்ட மலையேற்ற ஓட்டத்துக்குக் கார் ஆயத்தம் பண்ணுகிறவர்கள் பின் சீட்டு, கார்பெட், கதவின் உள் அட்டை என்று எல்லாவற்றையும் கழற்றி எறிவதும் இதற்குத்தான். பொர்முலா 1இல் 10 கிலோ கூடினால் ஒரு சுற்றுக்கு சுமார் 0.3 செக்கன் போகும் என்பது கணக்கு. உயரமான ஓட்டுநர்கள் பட்டினி கிடந்து இளைக்கவேண்டிய நிலை வந்ததால், 2019இல் ஓட்டுநரும் அவர் ஆசனமும் சேர்த்து 80 கிலோவுக்குக் குறையக்கூடாது, குறைந்தால் பாரக்கட்டி வைத்து நிரப்பவேண்டும் என்று விதி வைத்தார்கள்.

உச்ச வேகம் ஆள் ஏறியதால் குறையுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சமதரையில் கிட்டத்தட்ட இல்லை, அங்கே எதிரி காற்று, காற்றுக்கு உள்ளே எத்தனை பேர் என்பது தெரியாது. நம் அதிவேக நெடுஞ்சாலையில் எல்லை 100 என்பதால் இது உங்களுக்குத் தேவைப்படாத தகவல். பிரேக் பற்றி ஒன்று மட்டும்: ஒரு தடவை நிற்பதற்குத் தூரம் பெரிதாகக் கூடாது, ஆனால் பிரேக்கில் சேருகிற சூடு பாரத்தின் விகிதத்தில் கூடும், மலையில் இறங்கும்போது அதை நினைவில் வையுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் தருவது என்ன தெரியுமா, 7.8 வீதத்தை வலுவாக மாற்றினால் உங்கள் எஞ்சினில் 10 குதிரைவலு. அந்த 10 குதிரைவலுவுக்காக சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றி இலட்சக்கணக்கில் கொட்டுகிறவர்கள், டிக்கியில் சப்வூஃபர் பெட்டியும் தண்ணீர்ப் போத்தல் கட்டும் குடையும் பழைய டயர் ஒன்றுமாக முப்பது நாற்பது கிலோவைச் சுமந்து திரிவார்கள். உங்கள் ரோட்ஸ்டரின் டிக்கி சின்னது, அந்த வகையில் தப்பினீர்கள்.

கடைசியாக ஒக்டேன். பலர் நினைப்பது மாதிரி 95இல் கூடுதல் சக்தி எதுவும் ஒளிந்திருக்கவில்லை, அமுக்கும்போது தானாக வெடிக்காமல் தாக்குப்பிடிக்கிற குணம்தான் கூட. 92க்கு ஆயத்தமான காரில் 95 அடித்தால் ஷெட்காரருக்குத்தான் இலாபம். ஆனால் உங்கள் எஞ்சின் காற்றும் பெற்றோலும் சேர்ந்த கலவையை 13க்கு 1 என்று அமுக்குகிறது, ஜப்பானிலேயே உயர் ஒக்டேன் பெற்றோல் கேட்கிற எஞ்சின். அதற்கு 95 என்பது போனஸ் இல்லை, இங்கே கிடைப்பதில் குறைந்தபட்சத் தேவை. இவ்வளவு நாளும் 92 அடித்துக்கொண்டிருந்தீர்கள் என்றால், வெயிலில் ஆள் ஏற்றி மிதிக்கும்போது எஞ்சின் தட்டாமல் (பெற்றோல் தானாக வெடிக்காமல்) இருக்க கணினி பற்றவைப்பைப் பின்தள்ளும், வலு இன்னும் குறையும். அப்படியானால் 95க்கு மாறுங்கள், இரண்டு மூன்று டேங்க் ஓடட்டும், பிறகு இரவில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை மச்சானை ஏற்றிக்கொண்டு அந்த 60–100ஐ அளந்து எண்ணைச் சொல்லுங்கள்.